டீக்கு லைட்டை அணைக்காதே

அன்புள்ள மகனுக்கு,

இந்நேரம் நீ உன் புதுப் பனியன் கம்பெனி ஷெட்டுக்குள் வந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்திருப்பாய். ஒரு டியூப்லைட்கூட எரிந்திருக்காது. கரண்ட் போய்விட்டதோ என்று பக்கத்து வீட்டு ஃபேனை எட்டிப் பார்த்திருப்பாய், அது ஜோராகச் சுற்றிக்கொண்டிருக்கும். வயர்மேனுக்குப் போன் போட வேண்டாம், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. மெயின் பாக்ஸைத் திறந்து பார். ஃபீஸ் கட்டைகள் மூன்றும் இருக்காது. நான்தான் பிடுங்கினேன். மெயினை அணைத்துவிட்டுத்தான் பிடுங்கினேன், அந்த அளவு விவரம் எனக்கு உண்டு. அவை எங்கே இருக்கின்றன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உடனே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. ஷட்டரை முழுதாகத் தூக்கிவிட்டு, உன் புது முதலாளி நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, உட்கார்ந்து படி.

நேரில் சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னேனே! நான் வாயைத் திறந்தால் நீயும் உன் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். அவர் மீசைக்குள் சிரிக்கிறார், நீ செல்போனை நோண்டுகிறாய். "அம்மாவுக்குக் கோபம் வந்துருச்சு, இனி ஊடு ரெண்டாயிரும்" என்று சொல்லி எழுந்து போய்விடுகிறீர்கள். கத்தாமல் சொன்ன காலமும் இருந்தது. அப்போதும் யாரும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். காகிதம் பாதியில் எழுந்து போகாது. இதைப் பார்த்துச் சிரித்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

நீயும், இனி அந்த ஷெட்டில் துணி வெட்டுகிற கட்டிங் டேபிளில் நிற்கப் போகிற உன் பெண்டாட்டி கோகிலாவும் கோபிக்கு விருந்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், நீ டவுனில் மெஷின் பார்க்கப் போயிருந்தாய். வயரிங் முடிந்துவிட்டது என்றார்கள், சரி, பார்த்துவிட்டு வருவோம் என்று நான் ஷெட்டுக்குப் போனேன். வயர்மேன் செல்வராஜ் கடைசி ஸ்குரூவை முறுக்கிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் உன் கல்யாணப் பத்திரிகை ஒன்று குப்புறக் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு கோடாக ஒரு பிளான். பார்த்ததும் கையெழுத்து தெரிந்துவிட்டது, உன் அப்பா போட்டது. கீழே நீயும் ஒரு டிக் போட்டிருந்தாய்.

"செல்வராசு, இந்த லைட்டெல்லாம் எங்க போய் முடியுது?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஒரே லைன்தானுங்க அக்கா. தம்பி டேபிள்கிட்ட ஒரே சுவிட்ச். தட்டுனா பூராம் எரியும், தட்டுனா பூராம் அணைஞ்சுரும்."

"கட்டிங் டேபிளுக்கு மேல இருக்கறது?"

"அதுந்தானுங்க."

"எதுக்கு அப்படி?"

"டீ டைமுக்குங்க. மணி அடிக்கிற வேலை மிச்சம்னு அண்ணன் சொன்னாருங்க. லைட்டை அணைச்சா எல்லாரும் தானா எந்திரிச்சுப் போயிருவாங்கல்லங்க?"

"மெஷின் லைனு?"

"அது தனிங்க அக்கா. லைட்டை அணைச்சாலும் மெஷின் பாட்டுக்கு ஓடும், அதுல ஒண்ணும் பிரச்சனை வராதுங்க" என்றான் பெருமையாக.

நான் கத்திய கத்தலில் அவன் கையிலிருந்த பிளையர் கீழே விழுந்துவிட்டது. பாவம், சொன்னதைச் செய்த பிள்ளை. பிறகு அவனுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் சொன்னேன். அதன் பிறகுதான் உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, பழசையே பேசாதீங்க. இப்ப யாரு அந்தக் காலத்து மாதிரி வேலை செய்யறாங்க? கோகிலா படிச்சவ, கவனமா இருப்பா" என்றாய். "அப்ப நான்?" என்று கேட்டேன். உடனே "டவர் கிடைக்கலீங்கம்மா" என்று வைத்துவிட்டாய். நம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டவர் கிடைக்காதாம்! யாரிடம் சொல்கிறாய்?

உனக்கு அரைகுறையாகத் தெரிந்ததை இன்று முழுதாகச் சொல்கிறேன். பெருமாநல்லூர் ரோட்டில் நாம் வாடகைக்கு எடுத்திருந்த பழைய யூனிட்டை நீ பார்த்திருக்கிறாய். வாசல் பக்கம் உன் அப்பாவின் நாற்காலி, அதற்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய சுவிட்ச். அப்புறம் தைக்கிற ஓவர்லாக் மெஷின்கள் வரிசை. கடைசியில், ஜன்னல் இல்லாத மூலையில், கட்டிங் டேபிள். சின்ன யூனிட்களில் சைரன் ஏது, மணி ஏது? டீ வந்ததும் முதலாளி லைட்டை அணைப்பார், அதுதான் மணி. தைக்கிற பெண்கள் பெடலிலிருந்து காலை எடுத்தால் மெஷின் நின்றுவிடும், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. உன் அப்பாவுக்கு அதில் ஒரு சந்தோஷம். "ஒரு தட்டு தட்டுனா அத்தனை பேரும் எந்திரிக்கறாங்க பாரு" என்பார். எனக்கும் அப்போது அது தப்பாகத் தெரியவில்லை, ஊரெல்லாம் அப்படித்தான் நடந்தது. ஆனால் கட்டிங் மெஷினுக்குப் பெடல் கிடையாது. துணி அடுக்குக்கு நடுவே கத்தியைக் கையால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதன் தலையில் இருக்கிற சுவிட்சை அணைக்கிற வரைக்கும் கத்தி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அன்றைக்கு ஐப்பசி மழை. சாரல் பட்டால் துணி கெட்டுவிடும் என்று ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்கியிருந்தோம். கட்டிங் மாஸ்டர் தீபாவளிக்குத் தேனிக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை, அதனால் நான் நின்றிருந்தேன். வெள்ளைப் பனியன் துணி, நல்ல உயரமான அடுக்கு. பனியனில் கை நுழைகிற கைக்குழி வளைவில் கத்தியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்த வளைவில் கொஞ்சம் பிசகினாலும் அடுக்கு முழுக்கப் பாழாகிவிடும். லைட் போனது. "டீ டீ" என்று பெண்கள் எழுந்த சத்தம் கேட்டது. எனக்குக் கத்தியின் சத்தம் மட்டும்தான் தெரிந்தது, கத்தி தெரியவில்லை. அந்த இருட்டில் நான் செய்தது என்ன தெரியுமா? கையை இழுத்துக்கொள்ளவில்லை. துணி நகர்ந்துவிடக் கூடாதே என்று இடது கையால் இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

உன் அப்பா லைட்டைப் போட்டு, "ஏம்புள்ள, என்ன ஆச்சு?" என்று ஓடிவந்தபோது நான் சொன்ன முதல் வார்த்தை "துணியில ரத்தம் படாம எடுங்க." இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் விரல் இரண்டு பாதியாகக் கிடக்கிறது, நான் யாரோ ஒருவருடைய பனியனுக்காகப் பதறுகிறேன். அதற்காக என்னை முட்டாள் என்று நினைக்காதே. அந்த டேபிளில் நிற்கிற எவளுக்கும் அந்தப் புத்திதான் வரும். துணியைக் காப்பாற்று, துணியைக் காப்பாற்று என்றுதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? கையைக் காப்பாற்று என்று யாரும் சொல்லவில்லை.

டி.வி.எஸ். ஃபிஃப்டியில் துண்டால் கையைச் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். வழியெல்லாம் அழுதார், அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் அப்புச்சி அவிநாசியிலிருந்து வந்து "எப்படிங்க மாப்பிள்ளை ஆச்சு?" என்று கேட்டபோது, இந்த மனிதர் என்ன சொன்னார்? "புள்ள கொஞ்சம் பராக்குப் பாத்துருச்சுங்க மாமா." கட்டுப் போட்ட கையோடு படுக்கையிலிருந்து நான் சொன்னேன், "லைட்டை அணைச்சது அவருங்கப்பா" என்று. என்னைப் பெற்றவர் என் தலையைத் தடவி, "உடு கண்ணு, ஆனது ஆயிப்போச்சு" என்றார். மாப்பிள்ளை மனம் நோகக் கூடாது பார். அன்றிலிருந்து நம் குடும்பத்தில் என் கைக்கு அதுதான் கதை. சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் "பராக்குப் பாத்து வெட்டிக்கிட்டவ" என்று என் காதுபடவே சொல்வார்கள். நான் ஒவ்வொரு தடவையும் மறுத்துச் சொல்வேன். அதற்குத்தான் எனக்கு வாயாடி என்று பேர்.

கை ஆறியதும் திரும்பவும் அதே டேபிளுக்குத்தான் போனேன். உன் அப்பா கொஞ்ச நாள் லைட்டை அணைக்காமல் இருந்தார், அப்புறம் பழையபடி ஆரம்பித்துவிட்டார். "லைட்டு!" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அணைப்பார், அதுதான் அவர் செய்த திருத்தம். அத்தனை மெஷின் இரைச்சலில் அது யாருக்குக் கேட்கும்? நான் பேசிப் பார்த்தேன், பிறகு பேச்சை விட்டேன். அயர்ன் டேபிளுக்குப் போகிற லைனிலிருந்து தனியாக ஒரு வயர் இழுக்கச் சொல்லி, கட்டிங் டேபிளுக்கு மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். சுவிட்ச் என் கைக்குப் பக்கத்தில், டேபிள் காலில். அவர் தட்டினால் ஷெட் முழுக்க இருட்டாகும், என் பல்பு எரிந்துகொண்டிருக்கும். அந்தப் பல்பு சுவரில் இருந்த முருகன் படத்துக்கு என்றுதான் நீ ரொம்ப நாள் நினைத்திருந்தாய். சாமி கும்பிட்டுக்கொண்டு போவாய். நானும் திருத்தவில்லை, கும்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.

சின்ன வயதில் நீ இந்த இரண்டு மொட்டை விரல்களைப் பிடித்துக்கொள்ளாமல் தூங்க மாட்டாய். வேறு யார் கையைக் கொடுத்தாலும் தட்டிவிடுவாய். அப்படிப்பட்டவன் உன் கல்யாணத்தன்று மேடையில் என் காதோரம் குனிந்து என்ன சொன்னாய்? "அம்மா, முந்தானையக் கொஞ்சம் இழுத்து உட்டுக்கோங்க, போட்டோவுல கை தெரியுது." நான் இழுத்துவிட்டுக்கொண்டேன். மேடையில் சண்டை போட முடியுமா? இப்போது கல்யாண சி.டி.யில் பார்க்கிறேன், எல்லா இடத்திலும் என் இடது கையைக் காணோம். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, இன்னும் போகவில்லை. கை போனதற்குக்கூட இவ்வளவு கோபம் வந்ததில்லை.

நீ சும்மா படித்துவிட்டு வீட்டில் இருந்த பிள்ளையா? எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசராக இருந்தவன். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் பார்க்க வருகிறான் என்றால் அங்கே என்னவெல்லாம் செய்வார்கள் என்று நீயே சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அளந்திருக்கிறாய். கரண்ட் போனால் தானாக எரிகிற லைட், கட்டிங் ஆட்களுக்குக் கம்பியில் பின்னிய கையுறை, ஒவ்வொரு டேபிளுக்கும் தனி சுவிட்ச். கம்ப்ளையன்ஸ், கம்ப்ளையன்ஸ் என்று அந்தப் பாதுகாப்பு விதிகளை வாய் ஓயாமல் சொன்னாயே. அந்நியன் ஒருவன் ஒரு மணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் போக அத்தனையும் வேண்டும். உன் பெண்டாட்டி நாள் முழுக்க நிற்கப் போகிற இடத்துக்கு உன் அப்பா பத்திரிகையின் பின்னால் போட்ட கோடு போதுமா?

இனி கோகிலாவைப் பற்றிச் சொல்கிறேன். வந்து சில நாள்தான் ஆகிறது, அதற்குள் அவள் என் கையைப் பார்த்துவிட்டாள். சமையலறையில் பாத்திரத்தை வாங்கியவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "அத்தை, இது எப்படிங்க ஆச்சு?" என்றாள். "உம் புருஷனைக் கேட்டியா கண்ணு?" என்றேன். "கேட்டேனுங்க. நீங்க பராக்குப் பாத்துட்டு வெட்டிக்கிட்டதாச் சொன்னாருங்க" என்றாள். ஆக, இந்தக் கதையை இப்போது நீ சொல்ல ஆரம்பித்துவிட்டாய்! அன்றைக்கு நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. சொன்னால் மாமியார் புலம்புகிறாள் என்று ஆகிவிடும்.

உன்னிடம் போனில் பேசி முடித்ததும் அவளை ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். கட்டிங் டேபிளில் வேஸ்ட் துணியை ஓர் அடுக்கு போட்டு, கட்டிங் மெஷினை அதன் மேல் வைத்தேன், பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான். "கோடு போட்டிருக்கு, அந்த வளைவுல தள்ளிக் காட்டு கண்ணு" என்றேன். டிசைனிங் டிப்ளமோ படித்தவள் அல்லவா, அழகாகத் தள்ளினாள். செல்வராஜை ஷட்டரை இறக்கச் சொல்லி, உன் டேபிள் பக்கத்தில் இருக்கிற அந்தப் பெரிய சுவிட்சைத் தட்டச் சொல்லியிருந்தேன். தட்டினான். இருட்டில் என் கையை அவள் கை மேல் வைத்துப் பார்த்தேன். அவளுடைய இடது கை கத்திக்கு முன்னால் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் எங்கே பிடித்தேனோ அதே இடம். லைட்டைப் போட்டதும் கேட்டேன், "கண்ணு, கையை எதுக்கு அங்க வெச்சே?" அவள் யோசிக்காமல் சொன்னாள், "துணி நகந்துரும்னு புடிச்சேனுங்க அத்தை." சொல்லிவிட்டு என் விரல்களைப் பார்த்தாள். அப்புறம் தன் கையைப் பார்த்தாள்.

இப்போது சொல், படித்தவள் கவனமாக இருப்பாளா? அவள் கவனமாகத்தான் இருந்தாள். நானும் அன்றைக்குக் கவனமாகத்தான் இருந்தேன், அதனால்தான் துணியைப் பிடித்தேன். கவனமாக இரு என்று வாயால் சொல்லிவிட்டு, வெளிச்சத்தை வேறொருவன் கையில் கொடுத்து வைப்பது என்ன நியாயம்? யாருடைய கை கத்திக்குப் பக்கத்தில் இருக்கிறதோ, லைட் சுவிட்சும் அந்தக் கைக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இதைச் சொல்ல நான் பெரிய படிப்பு படித்திருக்க வேண்டியதில்லை.

திட்டியது போதும், செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். லைட் லைனையும் மெஷின் லைனையும் பிரித்திருக்கிறாய், அது சரி, ஒரு மெஷின் மக்கர் செய்தால் ஷெட் இருட்டாகாது. ஆனால் பாதி வேலையோடு நிறுத்திவிட்டாய். லைட்டையும் இரண்டு மூன்று லைனாகப் பிரி. ஒரு டியூப் ஒரு ஃபேஸ் என்றால் அடுத்த டியூப் வேறு ஃபேஸில் இருக்கட்டும். நம் ஊரில் ஒரு ஃபேஸ் மட்டும் போவது அடிக்கடி நடக்கிறது, போனாலும் பாதி வெளிச்சம் மிஞ்சும். இன்னொரு லாபமும் உண்டு. எல்லா டியூபும் ஒரே ஃபேஸில் எரிந்தால், ஓடுகிற சக்கரம் சில சமயம் நிற்கிற மாதிரி கண்ணுக்குத் தெரியும். சின்ன வயதில் அதைப் பார்த்து, "சக்கரம் பின்னால சுத்துதுங்கம்மா" என்று கை தட்டிச் சிரித்தவன் நீ. நிற்கிறது என்று நம்பி யாராவது கை வைத்தால் அப்புறம் சிரிக்க முடியாது. வேறு வேறு ஃபேஸ் கலந்தால் அந்த ஏமாற்று குறையும் என்று செல்வராஜும் சொல்கிறான்.

கட்டிங் டேபிளுக்குத் தனி லைன், தனி ஃபீஸ். சுவிட்ச் அந்த டேபிளின் காலில், நிற்பவளின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். வேறு எங்கேயும் அதற்கு இன்னொரு சுவிட்ச் இருக்கக் கூடாது, உன் டேபிளில் கூடவே கூடாது. டேபிளின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் டியூப் போடு. முதுகுக்குப் பின்னால் போட்டால் அவளுடைய கை நிழலே சாக்பீஸ் கோட்டில் விழும். பக்கத்தில் பேட்டரியில் எரிகிற எமர்ஜென்சி லைட் ஒன்று வேண்டும், மொத்தமாகக் கரண்ட் போனாலும் கத்தியை நிறுத்துகிற வரைக்கும் அவளுக்குக் கண் தெரியட்டும். அயர்ன் டேபிளை லைட்டோடு சேர்க்காதே, அது இழுக்கிற இழுப்பில் டியூப் மினுக்கும். டீக்கு ஒரு காலிங் பெல் மாட்டு. அதைத் தட்டு, உன் ஆசை தீரத் தட்டு, அத்தனை பேரும் எழுந்திருப்பார்கள், அப்பாவும் பிள்ளையும் பார்த்துச் சந்தோஷப்படுங்கள். டீ குடிக்கிற நேரம் லைட் எரிந்துகொண்டே இருக்கட்டும். அதற்கு உன் அப்பா ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

வெள்ளிக்கிழமை ஷெட் திறப்புப் பூஜைக்கு அம்மாதான் முதல் லைட்டைப் போட வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். போடுகிறேன். இடது கையால்தான் போடுவேன். முந்தானைக்குள் இருக்காது. போட்டோக்காரனையும் வரச் சொல்.

இப்போது ஃபீஸ் கட்டைகள். என்னிடம் தேடாதே, என்னிடம் இல்லை. நீங்கள் கிளம்பிய அன்று விடியற்காலையில் பிடுங்கி, துணியில் சுற்றிக் கோகிலாவிடம் கொடுத்தேன். போகும்போதும் வரும்போதும் காரில் உன் பக்கத்தில், அவள் மடியில் இருந்த பையில்தான் இருந்தன. கடையில் புதுசு விற்கிறார்கள், எனக்கும் தெரியும். தாராளமாக வாங்கி மாட்டு, லைட் எல்லாம் எரியும். கட்டிங் டேபிளில் நிற்க மட்டும் ஆள் இருக்காது. "வயரை மாத்தற வரைக்கும் நான் அங்க நிக்க மாட்டேனுங்க அத்தை" என்று அவள் சொல்லிவிட்டாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே சொன்னாள். உன் அப்பாவிடம் போய் முறையிடாதே. அவளிடம் போய்க் கேள். கொடுப்பதற்கு முன்னால் அவள் உன்னை ஒரு கேள்வி கேட்பாள், முன்பு கேட்ட அதே கேள்விதான். அத்தை கை எப்படிப் போனது என்று கேட்பாள்.

இந்தத் தடவை சரியாகச் சொல்.

உன் அம்மா